நாணயத்துக்கு ஒரு வாக்கு: பிளாக்செயின் சமூகங்களில் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பது யார்?

2024 டிசம்பர் முதல் வாரத்தில் அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் நகரிலும் கென்யாவின் நைரோபி நகரிலும் ஒரே வேளையில் ஓர் அரசமைப்பு மாநாடு கூடியது. அது எந்த நாட்டுக்குமான மாநாடு அன்று. கார்டானோ என்னும் பிளாக்செயின் வலைப்பின்னல் தன்னைத் தானே ஆண்டுகொள்வதற்காக எழுதிய அரசமைப்பை விவாதித்து ஏற்க, அதன் பயனர்கள் அனுப்பிய பிரதிநிதிகள் அங்கே கூடினர். முந்தைய மாதங்களில் ஏறத்தாழ ஐம்பது நாடுகளில் பயிலரங்குகள் நடந்திருந்தன. ஒவ்வொரு பயிலரங்கிலும் கலந்துகொண்டவர்கள் தமக்குள் ஒருவரைப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தனர். மாநாட்டில் பிரதிநிதி ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு.

இரண்டு மாதங்கள் கழித்து, 2025 பிப்ரவரியில், அதே அரசமைப்பு வலைப்பின்னலில் இறுதி ஏற்புக்கு வைக்கப்பட்டது. இம்முறை வாக்கின் எடையைத் தீர்மானித்தது ஆள் கணக்கு அன்று. கார்டானோவின் நாணயமான 'அடா'. பத்து அடா வைத்திருப்பவரின் வாக்குக்குப் பத்து அடாவின் எடை. ஒரு கோடி அடா வைத்திருப்பவரின் வாக்குக்கு ஒரு கோடி அடாவின் எடை. அரசமைப்பை எழுதும்போது ஆளுக்கு ஒரு வாக்கு. அதைச் சட்டமாக்கும்போது நாணயத்துக்கு ஒரு வாக்கு. இந்த இரண்டு காட்சிகளுக்கும் இடையிலுள்ள தொலைவே இக்கட்டுரையின் பொருள்.

இது கணினித் துறையினரின் உள்விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. இந்த அமைப்புகள் தம்மைப் 'பரவலாக்கப்பட்ட ஆளுகை' என்றும், சில வேளைகளில் சனநாயகத்தின் அடுத்த கட்டம் என்றும் அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. கல்லூரி வளாகங்களில் மாணவர்களைப் பிரதிநிதிகளாகவும் தூதுவர்களாகவும் அழைக்கின்றன. வாக்குரிமைக்கும் பிரதிநிதித்துவத்துக்கும் ஒரு நூற்றாண்டாகப் போராடிவரும் மக்களாகிய நமக்கு, ஒரு வாக்குமுறையைப் பார்த்தவுடன் அதன் உள்ளே இருப்பது என்ன என்று கேட்கும் பயிற்சி உண்டு. அந்தப் பயிற்சியை இங்கேயும் பயன்படுத்துவோம்.

வாக்கு ஒப்படைப்பு எவ்வாறு நடக்கிறது?

பிளாக்செயின் என்பது ஒரே கணக்கேட்டின் படிகளைப் பல கணினிகள் வைத்திருந்து, புதிதாகச் சேரும் ஒவ்வொரு பதிவையும் தமக்குள் ஒத்துப்பார்த்துக்கொள்ளும் முறை. எழுதியதை ஒருவர் மட்டும் அழித்துவிட முடியாது. 2009-இல் பிட்காயின் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2015-இல் வந்த எத்தீரியம், பணப் பரிமாற்றத்தோடு நிற்காமல் ஒப்பந்த விதிகளையே நிரலாக எழுதி அக்கணக்கேட்டில் வைக்க வழிசெய்தது. அவ்வாறு நிரலில் எழுதப்பட்ட விதிகளின்படி ஒரு பொதுநிதியை நிர்வகிக்கும் கூட்டமைப்புகள் 'டாவோ' எனப்படுகின்றன.

நிதியை எதற்குச் செலவிடுவது, விதிகளை எப்போது மாற்றுவது என்பதை யாராவது முடிவு செய்ய வேண்டும். அதற்காக 'ஆளுகை டோக்கன்' வழங்கப்படுகிறது. டோக்கன் வைத்திருப்பவர் வாக்களிக்கலாம். ஆனால் வாரந்தோறும் வரும் தொழில்நுட்ப முன்மொழிவுகளையெல்லாம் படித்து முடிவெடுக்கப் பெரும்பாலோருக்கு நேரம் இல்லை. எனவே தம் வாக்கின் எடையை வேறொருவரிடம் ஒப்படைக்கும் வழி உருவானது. 2020-இல் காம்பவுண்ட், யூனிஸ்வாப் போன்ற நிதிசார் அமைப்புகள் இம்முறையைப் பரப்பின. ஒப்படைத்தாலும் டோக்கன் உடையவரிடமே இருக்கும். அதன் வாக்கு மட்டும் பிரதிநிதியிடம் போகும். எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பெறலாம்.

கார்டானோவின் ஏற்பாடு இவற்றுள் விரிவானது. அதன் அடிப்படை முன்மொழிவின் எண் 1694. பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேர் பிறந்த ஆண்டு அது. இந்த ஏற்பாட்டில் மூன்று அவைகள் உள்ளன: அடா வைத்திருப்பவர்களின் பிரதிநிதிகள், வலைப்பின்னலை இயக்கும் கணினிக் குழுக்களின் நடத்துநர்கள், முன்மொழிவு அரசமைப்புக்கு உட்பட்டதா என்று பார்க்கும் அரசமைப்புக் குழு. பொதுக் கருவூலத்திலிருந்து பணம் எடுக்க வேண்டுமானால் பிரதிநிதிகள் அவையில் வாக்கு எடையில் 67 விழுக்காடு ஆதரவு வேண்டும். அரசமைப்பையே மாற்ற 75 விழுக்காடு வேண்டும். பிரதிநிதியாகப் பதிவு செய்ய 500 அடா வைப்புத்தொகை கட்ட வேண்டும். ஒரு முன்மொழிவை வைக்க 1,00,000 அடா கட்ட வேண்டும். இரண்டும் பின்னர் திரும்பக் கிடைக்கும். ஆனால் திரும்பக் கிடைக்கும் என்பதற்காக, இல்லாதவரால் ஒரு தொகையை முன்கூட்டிக் கட்டிவிட முடியாது.

கைப்பைக்குச் சாதி இல்லையா?

இவ்வமைப்புகளின் ஆதரவாளர்கள் நம்மிடம் சொல்லும் முதல் வாதம் கவர்ச்சியானது. பிளாக்செயினில் பெயர் கேட்கப்படுவதில்லை, ஊர் கேட்கப்படுவதில்லை, தந்தை பெயர் கேட்கப்படுவதில்லை. எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு முகவரி மட்டுமே உண்டு. எனவே மின்னணுக் கைப்பைக்குச் சாதி இல்லை என்பது அந்த வாதம். விண்ணப்பப் படிவத்தில் தன் பெயரைப் பார்த்த அடுத்த நொடியே எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதைக் கண்டு வளர்ந்த இளைஞருக்கு இந்தப் பெயரின்மை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் முகவரிக்கு வரலாறு இல்லாமல் இருக்கலாம், அதனுள் இருக்கும் தொகைக்கு உண்டு. முதலீடு செய்ய யாரிடம் உபரிப் பணம் இருந்தது, யார் வீட்டில் முதலில் கணினி வந்தது, யாருக்கு ஆங்கிலம் தாய்மொழிபோல் வந்தது, இழந்தாலும் பரவாயில்லை என்று யாரால் பணத்தைப் போட முடிந்தது என்ற கேள்விகளுக்கான விடைகள் அந்தத் தொகையில் படிந்துள்ளன. பெயரைக் கேட்காமலேயே சொத்தின் வழியாகப் பழைய ஏற்றத்தாழ்வு புதிய இடத்துக்குள் நுழைந்துவிடுகிறது.

சொத்தை வாக்குக்கு அளவுகோலாக்குவது புதிய சிந்தனையும் அன்று. 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திலும் 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்திலும் வாக்குரிமை பெரிதும் நிலவரி, வருமான வரி, கல்வி ஆகிய தகுதிகளோடு கட்டப்பட்டிருந்தது. நிலம் வைத்திருக்க விடப்படாத மக்கள், நிலவரி கட்டவில்லை என்ற காரணத்தால் வாக்காளர் பட்டியலுக்கு வெளியே நின்றனர். 1919-இல் சவுத்பரோ குழுவின் முன் சாட்சியமளித்த இளம் அம்பேத்கர், தீண்டப்படாத மக்களுக்கான வாக்குரிமைத் தகுதியைத் தாழ்த்த வேண்டும் என்று வாதிட்டார். 1928-இல் சைமன் குழுவின் முன் அவர் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கோரினார். 1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில் அவர் எச்சரித்ததும் இதைப் பற்றியே: அரசியலில் ஆளுக்கொரு வாக்கு, வாக்குக்கொரு மதிப்பு என்று ஏற்றுக்கொண்டு, சமூக, பொருளாதார வாழ்வில் அந்தச் சம மதிப்பை மறுத்தால் அந்த முரண்பாடு அரசியல் சனநாயகத்தையே தகர்த்துவிடும் என்றார் அவர்.

டோக்கன் ஆளுகை இந்த முரண்பாட்டை விசித்திரமான முறையில் தீர்க்கிறது. பொருளாதாரச் சமமின்மையைக் குறைத்து அரசியல் சமத்துவத்தோடு இணைப்பதற்குப் பதிலாக, அரசியல் வாக்கையே பொருளாதாரச் சமமின்மையின் அளவுக்கு வெட்டிவிடுகிறது.

எண்கள் காட்டுவது என்ன?

2022-இல் சைனாலிசிஸ் என்னும் பகுப்பாய்வு நிறுவனம் பத்துப் பெரிய டாவோக்களை ஆராய்ந்தது. அவற்றில் பலவற்றில், டோக்கன் வைத்திருப்போரில் 1 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களிடம் வாக்கு வலிமையில் 90 விழுக்காடு குவிந்திருந்தது. பரவலாக்கம் என்ற சொல் கணினிகளின் பரவலைக் குறிக்கிறதே தவிர, அதிகாரத்தின் பரவலை அல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

குவிந்த வாக்கு என்ன செய்யும் என்பதற்குக் காம்பவுண்ட் ஒரு பாடம். 2024 ஜூலையில், அவ்வமைப்பின் கருவூலத்திலிருந்து 4,99,000 காம்ப் டோக்கன்களை, அன்றைய மதிப்பில் சுமார் 2.4 கோடி டாலரை, ஒரு தனிக் குழு உருவாக்கிய முதலீட்டுப் பெட்டகத்துக்கு மாற்றும் முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்தது. பலர் எதிர்த்தனர். ஆனால் முன்மொழிவு 6,82,191-க்கு 6,33,636 என்ற கணக்கில் நிறைவேறியது. மொத்தமுள்ள காம்ப் டோக்கன்கள் ஒரு கோடி. அதாவது மொத்த வாக்கு எடையில் 7 விழுக்காட்டுக்கும் குறைவானதைத் திரட்டியவர்கள் பொதுக் கருவூலத்தின் ஒரு பங்கைத் தம் பக்கம் திருப்பிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டனர். பின்னர் பேச்சுவார்த்தை நடந்து அந்த முடிவு கைவிடப்பட்டது. ஆனால் விதி எங்கும் மீறப்படவில்லை. சந்தையில் டோக்கனை வாங்கி, வாக்கைத் திரட்டி, வாக்கெடுப்பில் வென்றனர். விதிப்படியே நடந்தது என்பதுதான் இதில் நாம் கவனிக்க வேண்டியது.

இன்னும் கொடிய எடுத்துக்காட்டு பீன்ஸ்டாக். 2022 ஏப்ரலில் ஒருவர், ஒரே பரிவர்த்தனைக்குள் வாங்கித் திருப்பிச் செலுத்தப்படும் உடனடிக் கடனைக் கொண்டு, அவ்வமைப்பில் பெரும்பான்மை வாக்கைச் சில நொடிகளுக்குக் கைப்பற்றினார். கருவூலத்தைத் தனக்கே மாற்றும் முன்மொழிவைத் தானே நிறைவேற்றினார். இழப்பு சுமார் 18 கோடி டாலர். வாக்கு விலைக்குக் கிடைக்கும் பொருளாக இருந்தால், அது கடனுக்கும் கிடைக்கும்.

பிரதிநிதி யாருக்குப் பதில் சொல்வார்?

வாக்கு ஒப்படைப்பு இந்தக் குறையைச் சரிசெய்யும் என்று சொல்லப்படுகிறது. சிறு டோக்கன் உடையவர்கள் ஒன்றுகூடித் தம் வாக்கை நல்ல பிரதிநிதியிடம் கொடுத்தால், பெரும் முதலாளிகளுக்கு எதிரான எடை உருவாகும் என்பது எதிர்பார்ப்பு. இது சில இடங்களில் உண்மையாகியிருக்கிறது.

2023 மார்ச்சில் ஆர்பிட்ரம் தன் டோக்கனை வெளியிட்டது. உடனே அதன் அறக்கட்டளை, 75 கோடி டோக்கன்களைத் தன் பொறுப்பில் கேட்டு முதல் முன்மொழிவை வைத்தது. வாக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தபோதே, அந்தத் தொகையின் ஒரு பகுதி ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுவிட்டது என்பது தெரியவந்தது. நடந்தது ஒப்புதல் கேட்பது அன்று, நடந்துமுடிந்ததை உறுதிப்படுத்துவது மட்டுமே என்ற தொனியில் விளக்கம் வந்தது. பிரதிநிதிகள் கொதித்தெழுந்தனர். வாக்கு எடையில் 70 விழுக்காட்டுக்கு மேல் எதிராக விழுந்தது. அறக்கட்டளை பின்வாங்கி, முன்மொழிவைப் பிரித்துத் திருத்திக் கொண்டுவர வேண்டியதாயிற்று. பிரதிநிதிகள் விழிப்போடு இருந்தால் நிறுவனத்தையும் தடுத்து நிறுத்த முடியும் என்பதற்கு இது சான்று.

மறுபக்கமும் உண்டு. 2021-இல் ஆண்ட்ரீசன் ஹோரோவிட்ஸ் என்னும் அமெரிக்கத் துணிகர முதலீட்டு நிறுவனம், தன்னிடமிருந்த பெருமளவு டோக்கன்களின் வாக்கை ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி, ஹார்வர்டு சட்டக் கல்லூரி போன்ற இடங்களின் மாணவர் அமைப்புகளுக்கும் பிறருக்கும் ஒப்படைத்த திட்டத்தை வெளிப்படுத்தியது. தன் கருத்துக்கு எதிராகவும் அவர்கள் வாக்களிக்கலாம் என்று அந்நிறுவனம் அறிவித்தது. அந்த அறிவிப்பை நாம் ஐயுறவில்லை. நாம் கேட்பது வேறு. அந்த மாணவர்கள் யாருடைய பிரதிநிதிகள்? அவர்களுடைய வாக்கின் எடை சக மாணவர்களிடமிருந்து வரவில்லை. ஒரே ஓர் உடைமையாளரிடமிருந்து வந்தது. உலகின் மிகச் செல்வாக்குள்ள பல்கலைக்கழகங்களுக்கே அந்தக் கொடை போனதும் தற்செயல் அன்று.

இங்கே 1932-ஐ நினைவுகூராமல் இருக்க முடியாது. அவ்வாண்டு ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மாகாண அவைகளில் 71 இடங்களைத் தனித் தொகுதிகளாகத் தந்தது. செப்டம்பர் 24-இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தம் அதை 148 இடங்களாக உயர்த்தியது. தனித் தொகுதியை எடுத்துவிட்டது. முதல்கட்டத் தேர்தலில் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் நால்வரைத் தேர்ந்தெடுப்பர். அந்த நால்வரில் ஒருவரைப் பொதுத் தொகுதியின் வாக்காளர் அனைவரும் தேர்ந்தெடுப்பர். இடங்கள் இரட்டிப்பாயின. ஆனால் இறுதியாக வெல்பவர் யாருடைய வாக்கால் வெல்கிறாரோ அவர்களுக்கே கட்டுப்பட்டவராகிவிடுவார் என்ற கேள்வியை அம்பேத்கர் கடைசிவரை விடவில்லை. 1947-இல் அரசமைப்பு அவைக்காக அவர் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையிலும் தனித் தொகுதியைக் கோரினார்.

இரு சூழல்களும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. பூனாவில் ஒரு மக்களின் வாழ்வும் சாவும் பணயமாக இருந்தன; இங்கே பணயமாக இருப்பது ஒரு வலைப்பின்னலின் கருவூலம். ஆனால் பிரதிநிதித்துவத்தின் இலக்கணம் ஒன்றே. இருக்கையில் யார் அமர்ந்திருக்கிறார் என்பதோடு ஆய்வு முடிந்துவிடக் கூடாது. அந்த இருக்கைக்கு எடை எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு டாவோவில் பிரதிநிதிகள் பட்டியலில் ஆப்பிரிக்கப் பெண்ணும், இந்திய மாணவரும், லத்தீன் அமெரிக்கத் தொழிலாளியும் இருக்கலாம். அவர்களுடைய எடை ஒரே முதலீட்டாளரின் ஒப்படைப்பிலிருந்து வந்தால், அம்முதலீட்டாளர் முகம் சுளிக்கும் நாளில் அந்தப் பன்மை கலைந்துவிடும்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

குறைகளை மட்டும் அடுக்கிவிட்டுப் போவது நேர்மை ஆகாது. இம்முறைகளில் நம் அமைப்புகளும் கற்றுக்கொள்ளத்தக்கவை சில உள்ளன.

முதலாவது, திரும்ப அழைக்கும் உரிமை. ஐந்தாண்டுகள் காத்திருக்க வேண்டாம். பிரதிநிதி மாறினால் வாக்கை எடுத்துக்கொள்ளலாம். கார்டானோவில் தொடர்ந்து வாக்களிக்காத பிரதிநிதி குறிப்பிட்ட காலத்துக்குப் பின் செயலற்றவராகக் கருதப்படுவார். இரண்டாவது, மறுப்புக்கும் ஓர் இடம். அங்கே யாரையும் பிரதிநிதியாக ஏற்காதவர் 'ஒதுங்கியிருத்தல்' அல்லது 'நம்பிக்கையில்லை' என்ற தெரிவுகளுள் ஒன்றுக்குத் தம் எடையைத் தரலாம். முதலாவதைத் தெரிந்தால் அந்த எடை கணக்கிலிருந்தே விலக்கப்படும். இரண்டாவதைத் தெரிந்தால் அது வழக்கமான முன்மொழிவுகளில் எதிர்ப்பு வாக்காகவே எண்ணப்படும். நம் தேர்தல்களில் 2013 முதல் உள்ள 'மேற்கண்டவர்களில் யாருமில்லை' என்ற பொத்தானுக்கு முடிவை மாற்றும் வலிமை இல்லை. இங்கே மறுப்புக்கும் எடை உண்டு. மூன்றாவது, பிரதிநிதி எந்த முன்மொழிவுக்கு எவ்வாறு வாக்களித்தார் என்பது அழிக்க முடியாத பதிவாக நிற்கிறது.

ஆனால் இந்த வெளிப்படைத்தன்மைக்குள் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பிரதிநிதியின் வாக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும், அவரைத் தேர்ந்தெடுத்தவரின் வாக்கு மறைவாக இருக்க வேண்டும் என்பது சனநாயகங்கள் நெடுங்காலப் போராட்டத்தில் கண்டடைந்த விதி. கூலியாள் யாருக்கு வாக்களித்தார் என்று பண்ணையாருக்குத் தெரிந்தால் என்னவாகும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பொதுப் பிளாக்செயின்களில் யார் யாரிடம் வாக்கை ஒப்படைத்தார் என்பதும் யாவரும் காணக்கூடியது. முகவரிக்குப் பின்னிருக்கும் ஆளை ஒருமுறை அடையாளம் கண்டுவிட்டால், அவருடைய ஒவ்வொரு விலகலும் தெரிந்துவிடும். சம்பளமே டோக்கனாகப் பெறும் ஓர் ஊழியர், தன் நிறுவனம் ஆதரிக்கும் பிரதிநிதியை விட்டு விலகத் துணிவாரா?

இன்னொன்று, பிரதிநிதியாக இருப்பதற்கான செலவு. நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும். வேறு கண்டத்தின் நேரத்தில் நடக்கும் கூட்டங்களில் கலந்துகொள்ள வேண்டும். ஊதியம் இல்லையென்றால் வசதியுள்ளவர் மட்டுமே அதைச் செய்ய முடியும். 1838-இல் பிரிட்டனின் சாசன இயக்கத்தினர் வைத்த ஆறு கோரிக்கைகளில், நாடாளுமன்ற உறுப்பினருக்குச் சொத்துத் தகுதி கூடாது, உறுப்பினருக்கு ஊதியம் வேண்டும் என்ற இரண்டும் இருந்தன. சொத்துத் தகுதி 1858-இல் போயிற்று; ஊதியம் 1911-இல்தான் வந்தது. ஆர்பிட்ரம் உள்ளிட்ட சில சமூகங்கள் பிரதிநிதிகளுக்கு ஊதியம் வழங்கத் தொடங்கியிருப்பது சரியான திசை. ஆனால் அந்த ஊதியமும் ஏற்கெனவே பெரும் எடை பெற்றவருக்கே போனால் நிலைமை மாறாது.

'ஆளுக்கொரு வாக்கு இங்கே இயலாது' என்னும் வாதம்

நம் விமர்சனத்துக்கு வரும் வலுவான மறுப்பு இது: ஒருவர் ஆயிரம் கைப்பைகளைத் திறக்கலாம்; எனவே ஆளுக்கொரு வாக்கு என்றால் ஏமாற்றுபவரே வெல்வார். இதில் உண்மை இருக்கிறது. ஒருவர் ஒருவரே என்று உறுதிசெய்ய அடையாளச் சான்று வேண்டும். அடையாளச் சான்று யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் புதிய அதிகாரம் சேரும். கருவிழிப்படலத்தைப் படமெடுத்துப் பதிவு செய்யும் வேர்ல்ட்காயின் திட்டம் 2023 ஜூலையில் தொடங்கியபோது, நைரோபியில் ஏழை மக்கள் சிறு தொகைக்காக வரிசையில் நின்றனர். அடுத்த மாதமே கென்ய அரசு அதை நிறுத்திவைத்தது. கைரேகை பதியவில்லை என்று நியாயவிலைக் கடையில் திருப்பி அனுப்பப்பட்ட முதியவர்களை அறிந்த நாம், உடற்கூறு அடையாளத்தைச் சமத்துவத்தின் சாவியாகக் கொண்டாட முடியாது.

ஆனால் கடினம் என்பதும் இயலாது என்பதும் ஒன்றல்ல. ஆப்டிமிசம் என்னும் அமைப்பு 2022-இல் ஈரவை முறையை அறிவித்தது. ஓர் அவையில் டோக்கனுக்கு வாக்கு. மற்றோர் அவையில், விற்கவோ மாற்றவோ முடியாத உறுப்புரிமையின் அடிப்படையில் உறுப்பினருக்கு ஒரு வாக்கு. கார்டானோவின் பயிலரங்குகளும் இதையே வேறு வழியில் காட்டின. மக்கள் ஓர் அறையில் நேரில் கூடினர், ஒருவரையொருவர் பார்த்தனர், பேசினர், தேர்ந்தெடுத்தனர். அங்கே எந்தக் கண்படமும் தேவைப்படவில்லை. அந்த அறையில் கண்டுபிடித்ததை இறுதி வாக்கெடுப்பில் கைவிட்டதுதான் நம் குற்றச்சாட்டு.

சட்டம் யாரைப் பிடிக்கும்?

வழக்கறிஞர்கள் என்ற முறையில் மாணவத் தோழர்களிடம் ஒன்றைத் தனியே சொல்ல வேண்டியுள்ளது. இவ்வமைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு நெடுங்காலம் சட்ட உருவம் இல்லை. உருவம் இல்லாத அமைப்பின் கடன் உறுப்பினர்கள் தலையில் விழும். அமெரிக்காவில் முன்பேர வணிகத்தைக் கண்காணிக்கும் ஆணையம் 2022 செப்டம்பரில் ஊக்கி டாவோ மீது வழக்குத் தொடுத்தது. டோக்கனைக் கொண்டு ஆளுகை வாக்கெடுப்பில் பங்கேற்றவர்களின் கூட்டமைப்பாகவே அது அந்த டாவோவை வரையறுத்தது. 2023 ஜூனில் தீர்ப்பு ஆணையத்தின் பக்கம் வந்தது. கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றங்கள் 2023-இலும் 2024-இலும் வேறு இரு வழக்குகளில், டாவோவின் டோக்கன் உடையவர்களைப் பொதுக் கூட்டாளிகளாகக் கருத இடமுண்டு என்ற வாதத்தைத் தொடக்க நிலையில் ஏற்றன. வயோமிங் மாநிலம் 2021-இலும் 2024-இலும் சட்டங்கள் இயற்றி இவற்றுக்கு உருவம் தந்தது.

இந்தியாவில் டாவோக்களுக்கென்று தனிச் சட்டம் இல்லை. மெய்நிகர் சொத்து வருமானத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 விழுக்காடு வரி உண்டு. ஆகவே ஓர் உள்ளூர் மாணவர் சங்கத்தின் பொறுப்பை ஏற்பதுபோல இத்தகைய பிரதிநிதித்துவத்தை ஏற்க வேண்டாம். அமைப்பின் சட்ட உருவம் என்ன, வழக்கு வந்தால் பிரதிநிதிக்கு யார் துணை நிற்பார் என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். டோக்கன் வாங்குங்கள் என்றும் நாம் யாருக்கும் சொல்லவில்லை. விலை சரிந்தால் இழப்பது யார் என்பதை ஒவ்வொரு சரிவும் காட்டியிருக்கிறது.

நம் அளவுகோல்

பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் எந்தச் சமூகத்திடமும், அது பிளாக்செயினில் இயங்கினாலும் சங்கக் கட்டடத்தில் இயங்கினாலும், சில கேள்விகளை வைப்போம். பிரதிநிதியின் எடையில் எவ்வளவு எத்தனை பேரிடமிருந்து வந்தது? ஒரே ஒப்படைப்பாளர் விலகினால் அவர் நிற்பாரா? அவருக்கு ஊதியம் தருபவர் யார், அது வெளியே சொல்லப்பட்டிருக்கிறதா? வாக்களித்த காரணத்தை அவர் எழுதுகிறாரா? அவரைத் தேர்ந்தெடுத்தவர் அஞ்சாமல் விலக முடியுமா? பணமில்லாதவர் ஒரு முன்மொழிவை அவையின் முன் வைக்க வழி உண்டா?

இவற்றோடு ஒரு கோரிக்கையையும் வைப்போம். டோக்கன் எடைக்கு உச்சவரம்பு வேண்டும். நிலத்துக்கு உச்சவரம்பு கேட்டவர்கள் நாம், வாக்குக்கும் கேட்பதில் தயக்கமில்லை. அரசமைப்பு ஏற்பு, பொதுநிதிச் செலவு போன்ற அடிப்படை முடிவுகளில், சொத்துக்கு வெளியே ஆளுக்கொரு வாக்குள்ள இரண்டாம் அவையின் ஒப்புதலும் கட்டாயமாக வேண்டும். அதுவரை இவற்றைப் பங்குதாரர் கூட்டம் என்று அழைக்கலாம். பங்குதாரர் கூட்டம் நடத்துவது குற்றமில்லை. ஆனால் சனநாயகம் என்ற பெயரை அதற்குத் தர முடியாது. 1951-52 பொதுத்தேர்தலில் நிலமற்றவரும் எழுத்தறியாதவரும் நிலக்கிழாரோடு ஒரே மதிப்புள்ள வாக்கைப் போட்டனர். அந்தச் சம மதிப்பைப் பெறுவதற்குக் கொடுத்த விலையை அறிந்தவர்கள், புதிய தொழில்நுட்பத்தின் பெயரால் அதைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதிக்க மாட்டார்கள்.